இங்கிலாந்து வயல்களில் பழங்காசு தேட: டிடெக்டர் வாங்குவதற்கு முன்னும் பின்னும்

பிரிட்டனுக்கு வந்து சில வருடங்கள் ஆனவர்களில் பலருக்கு இந்த ஆசை எட்டிப் பார்க்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் உழுத வயலில் காதில் ஹெட்போனோடு மெதுவாக நடந்துபோகும் ஆட்களைப் பார்க்கிறோம். யாருக்கோ ரோமானியக் காசு கிடைத்தது, யாருக்கோ வெள்ளிப் பென்னி கிடைத்தது என்று செய்தியில் படிக்கிறோம். அன்றிரவே மண்ணுக்குள் கிடக்கும் உலோகத்தைச் சத்தமிட்டுக் காட்டும் டிடெக்டரின் விலை பார்க்க உட்கார்ந்துவிடுகிறோம். வரிசை அங்கேதான் தவறுகிறது. கருவி இரண்டு நாளில் வீட்டு வாசலுக்கு வந்துவிடும். அதை எடுத்துக்கொண்டு கால் வைக்க ஒரு வயல் கிடைப்பதற்கு மாதக்கணக்கில் ஆகும். யாரைக் கேட்பது, எந்தத் தாள் வேண்டும், எது முதலில் என்று எடுத்துச் சொல்ல ஆளில்லாமல் ஒவ்வொன்றாக அலைந்து தெரிந்துகொண்டவன் நான். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். கீழே உள்ள வரிசையிலேயே செய்யுங்கள்.

1. எந்த நாட்டு மண் என்று முதலில் பாருங்கள்

இதில் சொல்வதெல்லாம் இங்கிலாந்துக்கும் வேல்சுக்கும் மட்டும் பொருந்தும். ஸ்காட்லாந்தில் சட்டம் வேறு. அங்கே தொல்பொருள் மதிப்புள்ள எதுவும், பொன்னோ வெள்ளியோ இல்லாவிட்டாலும், அரசுக்கு உரியது. கண்டெடுத்தால் தெரிவித்தே ஆக வேண்டும். வட அயர்லாந்தில் உரிமம் இல்லாமல் பழம்பொருள் தேடித் தோண்டுவதே குற்றம். அயர்லாந்துக் குடியரசில் அனுமதியின்றிப் பழம்பொருள் தேட டிடெக்டரைப் பயன்படுத்தவே கூடாது. பெல்ஃபாஸ்டிலோ டப்ளினிலோ இருக்கும் உறவினர் வீட்டுக்குப் போகும்போது கருவியைக் காரில் போட்டுக்கொண்டு போகாதீர்கள்.

2. காப்பீடு எடுங்கள்

கருவிக்கு முன்னால் காப்பீடு. நேஷனல் கவுன்சில் ஃபார் மெட்டல் டிடெக்டிங் என்ற அமைப்பில் தனிநபர் உறுப்பினராகச் சேர்ந்தால் 1 கோடி பவுண்டுவரை பொதுப் பொறுப்புக் காப்பீடும் அதோடு சேர்ந்து கிடைக்கிறது. ஆண்டுக் கட்டணம் பத்துப் பதினைந்து பவுண்டுக்குள் அடங்கிவிடும். இணையத்திலேயே சேரலாம். ஃபெடரேஷன் ஆஃப் இண்டிபெண்டன்ட் டிடெக்டரிஸ்ட்ஸ் என்ற இன்னொரு அமைப்பும் இருக்கிறது; இரண்டில் ஒன்று போதும்.

நீங்கள் மூடாமல் விட்ட குழியில் மாட்டின் கால் முறிந்தால் அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். விவசாயி முதலில் நினைப்பதும் அதைத்தான். உறுப்பினர் அட்டை கையில் இருந்தால் உங்களிடம் அவர் பேசும் விதமே மாறும். பெரும்பாலான கிளப்புகளும் இந்த அட்டை இல்லாமல் உள்ளே விடுவதில்லை.

அதே நாளில், இங்கிலாந்துக்கும் வேல்சுக்குமான பொறுப்பான டிடெக்டிங் நடைமுறைக் கையேட்டையும் இறக்கி ஒரு படி அச்செடுத்துக்கொள்ளுங்கள். 2017இல் திருத்தி வெளியிட்டது; சில பக்கங்கள்தான், இலவசம். விவசாயிடம் போகும்போது இதுவும் கையில் இருக்கட்டும்.

3. எங்கே கூடாது, நிலம் யாருடையது

இந்த நாட்டில் யாருக்கும் சொந்தமில்லாத நிலம் என்று கிட்டத்தட்ட எதுவும் இல்லை. நடைபாதை வழியாக வயலைக் கடக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. அதே நடைபாதையில் டிடெக்டரை ஆட்டும் உரிமை கிடையாது. புதியவர்கள் விழும் முதல் பள்ளம் இது. நகராட்சிப் பூங்காவுக்கு நகராட்சியின் அனுமதி வேண்டும். பல இடங்களில் தருவதில்லை. நேஷனல் டிரஸ்ட் என்ற பாதுகாப்பு அறக்கட்டளையின் நிலங்களை மறந்துவிடுங்கள்.

பாதுகாக்கப்பட்ட தொல்சின்னம் என்று பட்டியலில் உள்ள இடத்தில், ஹிஸ்டாரிக் இங்கிலாந்தின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் டிடெக்டரைப் பயன்படுத்துவது 1979ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். வேல்சில் இதைப் பார்த்துக்கொள்வது 'காடு' (Cadw) என்ற அமைப்பு. நிலச்சொந்தக்காரர் "தாராளமாகத் தேடுங்கள்" என்று சொல்லியிருந்தாலும் குற்றம் குற்றம்தான். ஒரே வயலின் ஒரு மூலை மட்டும் பட்டியலில் இருக்கும். கண்ணுக்கு வேலியோ பலகையோ ஒன்றும் தெரியாது. ஆகவே ஒவ்வொரு வயலையும் வரைபடத்தில் பார்த்தே ஆக வேண்டும். அரசின் மேஜிக் என்ற இணைய வரைபடம் இலவசம். தொல்சின்னங்கள், இயற்கைப் பாதுகாப்புப் பகுதிகள், சுற்றுச்சூழல் மானியத் திட்டத்தில் சேர்ந்த வயல்கள் எல்லாம் அதில் அடுக்கடுக்காகத் தெரியும். இயற்கைப் பாதுகாப்புப் பகுதி என்றால் நேச்சுரல் இங்கிலாந்து என்ற அரசு அமைப்பின் சம்மதமும் வேண்டும். மானியத் திட்டத்தில் உள்ள நிலம் என்றால் அங்கே தேடத் தடை இருக்கிறதா என்று விவசாயிடமே கேளுங்கள். உங்களால் அவருக்கு மானியம் போனால் உங்களை மட்டுமல்ல, அடுத்து வருகிற எவரையும் அவர் வாசலில் நிற்கவிட மாட்டார்.

நிலம் யாருடையது என்று தெரியாவிட்டால் லேண்ட் ரெஜிஸ்ட்ரியில் 7 பவுண்டு கட்டி உரிமைப் பதிவைப் பார்க்கலாம். நம்மூர் பட்டா எடுத்துப் பார்ப்பது மாதிரிதான், ஆனால் எந்த அலுவலகத்துக்கும் நடக்க வேண்டாம். எல்லா நிலமும் பதிவாகியிருக்காது, முக்கியமாகத் தலைமுறைகளாகக் கைமாறாத பண்ணைகள். அப்படியென்றால் பக்கத்துப் பண்ணையிலோ ஊர் பப்பிலோ கேளுங்கள். ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள்.

4. விவசாயிடம் அனுமதி கேட்பது

முழுப் பொழுதுபோக்கிலும் கடினமான படி இதுதான். கடிதம், மின்னஞ்சல் இரண்டும் பெரும்பாலும் பதில் இல்லாமலே போய்விடும். அதில் அவமானம் ஒன்றுமில்லை. அவர்களுக்கு இப்படிக் கேட்டு எழுதுகிறவர்கள் நிறைய. நேரில் போவதே பலன் தருகிறது.

எப்போது போவது என்பது முக்கியம். ஜூலைக் கடைசியிலிருந்து செப்டம்பர்வரை அறுவடையும் உழவும் விதைப்பும் ஒன்றன்மேல் ஒன்றாக வரும். அப்போது போய் நின்றால் வேலையைக் கெடுக்க வந்தவராகவே தெரிவீர்கள். செம்மறிக் குட்டிகள் ஈனும் வசந்த காலத்தில் ஆடு வளர்ப்பவரைத் தொந்தரவு செய்யாதீர்கள். நவம்பர் முதல் பிப்ரவரிவரை, மழை பெய்து டிராக்டர் கொட்டகையில் நிற்கும் நாளாகப் பார்த்துப் போங்கள். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டு நேரம் வேண்டாம்.

டிடெக்டரைக் கையில் எடுத்துக்கொண்டு போகக் கூடாது. சுத்தமான பூட்ஸ், காப்பீட்டு அட்டை, பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிய சீட்டு, நடைமுறைக் கையேடு, நீங்களே தயாரித்த ஒரு பக்க ஒப்பந்தத் தாள். இவ்வளவு போதும். பேச்சைச் சுருக்கமாக வையுங்கள்: நான் இன்னார், இந்த ஊரில் இருக்கிறேன், காப்பீடு இருக்கிறது, பயிர் இல்லாத வயலில் மட்டும் நடப்பேன், குழியை மூடுவேன், எடுப்பதையெல்லாம் உங்களிடம் காட்டுவேன். தங்கம், புதையல் என்று வாயைத் திறக்க வேண்டாம். அவர் நிலத்தின் கதையைக் கேளுங்கள். எந்த வயலில் பழைய வீடு இருந்தது, எங்கே உழும்போது ஓட்டாஞ்சில்லு வருகிறது என்று அவருக்குத் தெரியும். எந்த வரைபடத்திலும் அது இருக்காது.

தொலைந்த பொருள் ஏதாவது தேடித் தரட்டுமா என்று கேட்பது நல்ல தொடக்கம். டிராக்டர் இணைப்பு ஊசி, மோதிரம், சாவி என்று ஒவ்வொரு பண்ணையிலும் ஏதோ ஒன்று காணாமல் போயிருக்கும். 1992 நவம்பரில் சஃபக் மாவட்டத்தின் ஹாக்ஸ்னி ஊரில் விவசாயி தொலைத்த சுத்தியலைத் தேடப்போன இடத்தில்தான் பதினையாயிரத்துக்கு மேற்பட்ட ரோமானியக் காசுகள் கொண்ட புதையல் கிடைத்தது. அந்தச் சுத்தியலும் இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது.

முடியாது என்று சொன்னால் நன்றி சொல்லிவிட்டுத் திரும்புங்கள். காரணம் கேட்க வேண்டாம். இரவில் திருட்டுத்தனமாக வந்து தோண்டுகிறவர்களால் நொந்துபோன விவசாயிகள் நிறைய. பக்கத்துப் பண்ணையில் கதவு திறக்கலாம்.

இன்னொரு பள்ளம்: நிலத்தில் வேலை செய்பவர் குத்தகைக்காரராக இருப்பார், சொந்தக்காரர் வேறு எங்கோ இருப்பார். இரண்டு பேர் சம்மதமும் வேண்டும். கண்டெடுத்த பொருளில் சட்டப்படி உரிமை சொந்தக்காரருக்கு. வயலுக்குள் விடும் அதிகாரம் குத்தகைக்காரருக்கு.

5. எழுத்தில் வாங்குங்கள்

தேட அனுமதி கொடுத்ததாலேயே எடுத்ததை வைத்துக்கொள்ள அனுமதி கொடுத்ததாக ஆகாது. இதைப் புரியவைக்க எனக்கு ஒருவர் கூட இருக்கவில்லை. நீங்கள் நன்றாக மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். சட்டப்படி புதையல் என்ற வகைக்குள் வராத எந்தப் பொருளும், ஒரு பித்தளைப் பொத்தான்கூட, நிலச்சொந்தக்காரருக்கே உரியது. ஒப்பந்தம் இருந்தால்தான் உங்களுக்குப் பங்கு. கைகுலுக்கிப் பேசி முடித்தது அவர் இருக்கும்வரை செல்லும். அவர் காலமாகி, மகன் பொறுப்புக்கு வந்த மறுநாள் என்ன சொல்வீர்கள்?

ஒரு பக்கம் போதும். அதில் இருக்க வேண்டியவை: இரு தரப்பின் பெயரும் முகவரியும், சொந்தக்காரரா குத்தகைக்காரரா என்ற விவரம், எந்தெந்த வயல்கள் என்று எல்லை குறித்த வரைபடம், எந்தத் தேதி முதல் எதுவரை, நீங்கள் மட்டுமா, கூட ஒருவரை அழைத்து வரலாமா, வருவதற்கு முன் எப்படிச் சொல்ல வேண்டும், பொருளின் விலையில் பங்கு எவ்வளவு, சட்டப்படி புதையலாக இருந்தால் அதை விசாரிக்கும் அதிகாரியான கொரோனருக்குத் தெரிவிப்பீர்கள் என்ற உறுதி, அனுமதியை அவர் எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம் என்ற வரி. கடைசியில் இருவர் கையெழுத்தும் தேதியும். நேஷனல் கவுன்சிலின் தளத்தில் மாதிரித் தாள் கிடைக்கிறது.

பங்கு பாதிக்குப் பாதி என்பதே வழக்கம். இருபது பவுண்டுக்குக் குறைவான பொருள் தேடியவருக்கே என்பது போல ஒரு வரம்பை எழுதிக்கொள்வதும் நல்லது. இல்லாவிட்டால் ஒவ்வொரு ஈயக் குண்டுக்கும் கணக்குப் பேச வேண்டியிருக்கும். பாதிக்குப் பாதி என்று இப்போது எளிதாகச் சொல்லிவிடலாம். 2009இல் லிச்ஃபீல்டு நகருக்குப் பக்கத்து வயலில் கிடைத்த ஸ்டாஃபர்ட்ஷயர் புதையலுக்கு 32.85 லட்சம் பவுண்டு மதிப்புப் போட்டு, தேடியவருக்கும் விவசாயிக்கும் சரிபாதியாகப் பிரித்தார்கள். அவ்வளவு பெரிய தொகை நடுவில் வந்தபின் புதிதாக உட்கார்ந்து பேசுவது யாராலும் முடியாத காரியம்.

ஒப்பந்தத்தின் படி ஒன்றை எப்போதும் பையில் வைத்திருங்கள். வயல் நடுவில் டிடெக்டரோடு நிற்கும் புது முகத்தைப் பார்த்து அக்கம்பக்கத்தார் போலீசுக்குச் சொல்வது நடக்கிற காரியம், அதிலும் நம் முகம் அந்த ஊருக்குப் புதிதாக இருக்கும். தாளைக் காட்டி, விவசாயியின் எண்ணைக் கொடுத்தால் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். அவருக்கு முன்கூட்டியே ஒரு செய்தி அனுப்பிவிட்டுப் போனால் அதுகூடத் தேவைப்படாது.

6. நிலம் கிடைக்கும்வரை ஒரு கிளப்

ஏறத்தாழ எல்லா மாவட்டத்திலும் டிடெக்டிங் கிளப் இருக்கிறது. ஆண்டுச் சந்தா 20 முதல் 60 பவுண்டு வரை. ஒவ்வொரு தேடல் நாளுக்கும் தனியாகப் பத்துப் பவுண்டு அளவில் கேட்பார்கள். சிலவற்றில் காத்திருப்போர் பட்டியல் நீளம். கட்டணம் கட்டி யாரும் கலந்துகொள்ளும் பெரிய தேடல் நாட்களும் உண்டு, 20 முதல் 30 பவுண்டு. நூற்றுக்கணக்கானோர் ஒரே வயலில் நிற்கும் அந்த நாட்களைவிடச் சின்ன கிளப்பையே நான் சொல்வேன். பக்கத்தில் ஒரு பெரியவர் நின்று "இந்தச் சத்தம் என்ன தெரியுமா?" என்று கேட்டுச் சொல்லிக்கொடுப்பது எந்தக் காணொளியிலும் கிடைக்காது. பணம் கட்டும் முன், பொருள்களைப் பதிவு செய்ய ஏற்பாடு உண்டா, பங்கு விதி என்ன என்று இரண்டு கேள்வி கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் விட்டுவிடுங்கள்.

7. இப்போது கருவி

200 முதல் 300 பவுண்டுக்குள் நல்ல தொடக்கக் கருவி கிடைக்கிறது: நோக்டா சிம்ப்ளெக்ஸ், மைன்லேப் வேன்க்விஷ், கேரெட் ஏஸ் வரிசை. ஆயிரம் பவுண்டு பக்கம் போகும் மைன்லேப் எக்வினாக்ஸ், எக்ஸ்பி டியூஸ் முதலியவை நல்ல கருவிகள்தான். இரண்டாம் வருடத்துக்கு வையுங்கள். ஐம்பது பவுண்டுக்கு வரும் பெயர் தெரியாத கருவிகளைத் தொடாதீர்கள். பெயருள்ள பிராண்டுகளுக்கும் போலி உலவுகிறது, முக்கியமாகக் குழிக்குள் பொருளைச் சுட்டிக் காட்டும் பின்பாயின்டர்களில். அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரிடம் வாங்குங்கள். பழைய கருவி என்றால் வரிசை எண்ணையும் ரசீதையும் கேளுங்கள்.

மற்றவை: பின்பாயின்டர், 100 முதல் 150 பவுண்டு. குறுகலான எஃகு ஸ்பேட், 40 முதல் 60 பவுண்டு. தோட்டத்துக் கரண்டியால் இங்கிலாந்துக் களிமண்ணை ஒன்றும் செய்ய முடியாது. குப்பைக்கும் பொருளுக்கும் தனித்தனிப் பை, கையுறை, சின்ன ஜிப் பைகள், பென்சில், தண்ணீர் புகாத பூட்ஸ். எல்லாம் சேர்த்து 450 முதல் 550 பவுண்டுக்குள் முடியும்.

கையேட்டைப் படித்துவிட்டு வீட்டில் ஒரு வெள்ளி மோதிரம், செம்புக் காசு, இரும்பு ஆணி, அலுமினியத் தாள் துண்டு நான்கையும் வரிசையாக வைத்து ஒவ்வொன்றும் என்ன எண் காட்டுகிறது, என்ன சத்தம் போடுகிறது என்று பழகுங்கள். சன்னமான இடைக்கால வெள்ளிக் காசும் கசங்கிய அலுமினியத் தாளும் ஏறத்தாழ ஒரே எண்ணைக் காட்டும். கருவியில் அலுமினியத்துக்குச் சத்தம் வராதபடி அடக்கி வைத்தால் வெள்ளிக் காசும் சேர்ந்து அடங்கிவிடும். அதனால் முதல் வருடம் இரும்பைத் தவிர மற்ற எல்லாச் சத்தத்துக்கும் தோண்டுங்கள். அலுப்பாகத்தான் இருக்கும். தோட்டாவின் பித்தளை அடிப்பகுதி, கோலா டப்பாவின் மூடி வளையம், ஈயத் துண்டு, பொத்தான் என்று பை நிறையும். அதன் நடுவில்தான் காசு வரும்.

8. எந்த மாதம், எந்த வயல்

கோதுமையும் பார்லியும் ஜூலைக் கடைசியிலும் ஆகஸ்டிலும் அறுவடை ஆகும். அதற்குப்பின் அரிதாள் நிற்கும் வயல் உங்களுக்கு முதல் வாய்ப்பு. தாள் குட்டையாக வெட்டியிருந்தால் நல்லது, முழங்கால் உயரம் நின்றால் கருவியின் தட்டு தரையைத் தொடாது. அடுத்து உழவு. புதிதாகப் புரட்டிப்போட்ட பெரிய கட்டிகளின்மேல் தேடுவது வீண். இடையில் காற்றுதான் இருக்கும். விதைத்து, உருளை ஓட்டிச் சமப்படுத்தி, ஒரு மழை பெய்த வயலே எல்லாவற்றிலும் சிறந்தது. ஈர மண்ணில் சத்தம் ஆழத்திலிருந்து வரும். ஆனால் விதைப்புக்கும் முளைப்புக்கும் நடுவே கிடைப்பது ஒன்றிரண்டு வாரம்தான், அதற்கும் விவசாயியின் தனிச் சம்மதம் வேண்டும். சிலர் விதைத்த வயலில் காலே வைக்க விடமாட்டார்கள். கடுகு இனமான எண்ணெய்ப் பயிர் ஆகஸ்ட் கடைசியிலேயே விதைப்பாகிவிடும், அந்த வயலை முதலில் முடியுங்கள். மக்காச்சோள வயல் இலையுதிர் காலத்தில் திறக்கும். வசந்தப் பயிருக்கென்று விட்ட வயலில் குளிர்காலம் முழுவதும் நடக்கலாம்.

மேய்ச்சல் நிலத்தில் ஆண்டு முழுவதும் தேடலாம் என்பார்கள். கோடை வறட்சியில் வேண்டாம். வெட்டிய புல்பத்தை காய்ந்து வட்ட வட்டமாக மஞ்சளிக்கும்; வயல் முழுவதும் நீங்கள் தோண்டிய கணக்கு விவசாயி கண்ணுக்குத் தெரியும்.

வயலைத் தேர்வதற்கு முன் ஒரு கேள்வி கேட்கத் தவறாதீர்கள்: நகராட்சிக் கழிவு உரம் போட்ட வயலா? வீட்டுக் குப்பையிலிருந்து செய்த அந்த உரத்தில் அலுமினியத் துணுக்குகள் ஆயிரக்கணக்கில் கலந்திருக்கும். அந்த வயலில் கருவி நிற்காமல் கத்திக்கொண்டே இருக்கும்.

9. தோண்டுவது

தட்டைத் தரையோடு ஒட்டி, மெதுவாக, ஒரு வீச்சின் மேல் அடுத்த வீச்சு பாதி படியும்படி ஆட்டுங்கள். வேகமாக நடப்பவர்களுக்குப் பெரிய இரும்பு மட்டுமே கிடைக்கும். புல்வெளியில் மூன்று பக்கம் வெட்டி, நான்காம் பக்கத்தைக் கீல்போல விட்டுப் பத்தையைத் திருப்புங்கள். பொருளை எடுத்தபின் மண்ணைப் போட்டு, பத்தையை மூடி, காலால் அழுத்துங்கள். உழுத வயலிலும் குழியை மூடத்தான் வேண்டும்.

உழவு ஆழத்துக்குக் கீழே போகாதீர்கள், அதாவது 20 முதல் 25 சென்டிமீட்டருக்குமேல். ஏர் புரட்டிய மண்ணில் பொருள் ஏற்கெனவே இடம் மாறிக் கிடக்கிறது. அதை எடுப்பதால் இழப்பு குறைவு. அதற்குக் கீழே மண் அடுக்கு கலையாமல் இருக்கிறது. அங்கே கிடக்கும் பானை ஓடும் சாம்பலும் காசும் சேர்ந்துதான் செய்தி சொல்லும். ஸ்பேட் ஒரு முறை இறங்கினால் அந்தச் சேர்க்கை போய்விடும், யாராலும் திரும்ப அடுக்க முடியாது.

குழியில் குண்டுபோல ஏதாவது தெரிந்தால் தொடாமல் விலகி, இடத்தைக் குறித்துக்கொண்டு 999ஐ அழையுங்கள். இரண்டாம் உலகப்போர்க் காலத்து வெடிபொருள் இன்றும் வயல்களில் கிடக்கிறது. டெட்டனஸ் ஊசி போட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஈயம் நிறையக் கையில் படும், சாப்பிடும் முன் கை கழுவுங்கள். கன்றோடு நிற்கும் பசு உள்ள வயலுக்குள் நுழைய வேண்டாம். வேலிக்கதவு திறந்திருந்தால் திறந்தபடி, மூடியிருந்தால் மூடியபடி விடுங்கள். தோண்டியெடுத்த குப்பையை வீட்டுக்குக் கொண்டுபோங்கள். அதை வேலியில் வீசிவிட்டுப் போனவர்களுக்கு மறுமுறை அனுமதி கிடைத்து நான் பார்த்ததில்லை.

10. காசு கையில் வந்ததும்

எடுத்த இடத்திலேயே நின்று போனில் கிரிட் ரெஃபரன்ஸ், அதாவது வரைபடத்தில் அந்த இடத்தைக் குறிக்கும் எண், எடுங்கள். இலவசச் செயலிகள் இருக்கின்றன. எட்டு இலக்கம் என்றால் 10 மீட்டருக்குள் இடம் சொல்லும், பத்து இலக்கம் என்றால் 1 மீட்டர். பொருளை ஜிப் பையில் போட்டு, எண்ணும் தேதியும் வயல் பெயரும் எழுதுங்கள். வீட்டுக்குப் போய் எழுதலாம் என்று விட்டால் எது எங்கே எடுத்தது என்பது கலந்துவிடும். தேய்ந்துபோன ரோமானியச் செம்புக் காசு சந்தையில் ஒரு பவுண்டுகூடப் பெறாது. ஆனால் ஒரே வயலில் அப்படி நாற்பது காசு எந்தெந்த இடத்தில் கிடந்தன என்ற குறிப்பு, அங்கே ஒரு குடியிருப்போ சந்தையோ இருந்ததைக் காட்டிக்கொடுக்கும். இடம் தெரியாத காசு வெறும் உலோகம்.

கழுவ ஆசை வரும். புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கும் பழக்கம் நமக்குக் கையோடு வந்தது. அதை இங்கே காட்டவே கூடாது. புளியும் எலுமிச்சையும் வினிகரும் அமிலம். செம்புக் காசின் மேல் படிந்த பச்சைக் களிம்பில்தான் எழுத்தும் உருவமும் நிற்கின்றன. அது உரிந்தால் வழுவழுப்பான வில்லைதான் மிஞ்சும். வெள்ளிக் காசை மண் போகத் தண்ணீரில் அலசலாம், தேய்க்கக் கூடாது. மற்றதை ஈரம் இல்லாத டப்பாவில் அப்படியே வையுங்கள்.

பிறகு பதிவு. பிரிட்டிஷ் மியூசியம் நடத்தும் போர்ட்டபிள் ஆன்டிக்விட்டீஸ் ஸ்கீமின் அலுவலர் ஒருவர் உங்கள் மாவட்டத்துக்கு இருப்பார். ஃபைண்ட்ஸ் லியசான் ஆபீசர் என்று பதவிப் பெயர். 1700க்கு முந்தியதாகத் தோன்றும் எதையும் அவரிடம் காட்டுங்கள். காசு ஒன்றும் வாங்கமாட்டார். ரசீது கொடுத்து வாங்கி, படமெடுத்து, தரவுத்தளத்தில் ஏற்றித் திருப்பித் தருவார். பல மாதங்கள் ஆகலாம், அவசரப்படுத்த வேண்டாம், அவர்கள் எண்ணிக்கை குறைவு. உங்கள் வயலின் துல்லியமான இடத்தைப் பொதுமக்கள் பார்வைக்கு விடமாட்டார்கள் என்பதை விவசாயிடம் முன்பே சொல்லிவிடுங்கள். திருட்டுத் தோண்டிகள் பயத்தில்தான் பலர் பதிவுக்குத் தயங்குகிறார்கள்.

11. சட்டப்படி புதையல் என்றால் 14 நாள்

1996ஆம் ஆண்டுச் சட்டப்படி இவை புதையல்: 300 ஆண்டுக்கு மேற்பட்ட, எடையில் பத்தில் ஒரு பங்காவது பொன்னோ வெள்ளியோ உள்ள, காசு அல்லாத பொருள். ஒரே இடத்தில் கிடைத்த, 300 ஆண்டுக்கு மேற்பட்ட இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட பொன், வெள்ளிக் காசுகள். செம்புக் காசுகள் என்றால் பத்து. வரலாற்றுக்கு முற்பட்ட காலத்து உலோகப் பொருள்கள் ஒரே இடத்தில் இரண்டு. இவற்றோடு சேர்ந்து கிடந்த பானை முதலிய எதுவும். 2023 ஜூலை 30 முதல் இன்னொரு வகையும் உண்டு: 200 ஆண்டுக்கு மேற்பட்ட, உலோகம் கலந்த, வரலாற்று முக்கியத்துவத்தில் மிக அரிதான பொருள். ஒற்றை வெள்ளிக் காசு பொதுவாகப் புதையல் ஆகாது. ஒற்றை வெள்ளி மோதிரம் ஆகும். புதியவர்கள் குழம்பும் இடம் இது.

கண்டெடுத்தோ, புதையலாக இருக்கலாம் என்று தெரிந்தோ 14 நாட்களுக்குள் அந்த மாவட்டக் கொரோனருக்குத் தெரிவிக்க வேண்டும். நடைமுறையில் லியசான் ஆபீசருக்கு அன்றே மின்னஞ்சல் அனுப்பினால் மற்றதை அவர் பார்த்துக்கொள்வார். மின்னஞ்சலை அழிக்காதீர்கள், தேதிக்கு அதுவே சாட்சி. தெரிவிக்காவிட்டால் மூன்று மாதம்வரை சிறை, அபராதம், அல்லது இரண்டும். மறைத்து விற்றால் அது திருட்டு. 2015இல் ஹெரிஃபர்ட்ஷயரில் வைக்கிங் காலப் புதையலை எடுத்து மறைத்து விற்ற இருவருக்கு 2019இல் 10 ஆண்டும் எட்டரை ஆண்டும் தண்டனை விதித்தார்கள். சுமார் 300 காசுகள் இருந்திருக்கலாம் என்றார்கள், மீட்டது 31.

இரண்டாவது, மூன்றாவது காசு ஒரே குழியிலிருந்து வந்தால் ஸ்பேடைக் கீழே வையுங்கள். கை நடுங்கும், இன்னும் ஒரு பிடி மண்ணை எடுக்கச் சொல்லும். குழியை மூடி, இடத்தைக் குறித்து, விவசாயியையும் லியசான் ஆபீசரையும் அழையுங்கள். படத்தை இணையத்தில் போடாதீர்கள், அன்றிரவே வேறு யாராவது வருவார்கள். 2010இல் சாமர்செட்டின் ஃப்ரோம் பக்கத்தில் 52,503 காசுகள் கொண்ட பானையைக் கண்டவர் அப்படித்தான் பாதியில் நிறுத்தினார். தொல்லியலாளர்கள் அடுக்கடுக்காகப் பிரித்து எடுத்ததால்தான், அவை வருடாவருடம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தவையல்ல, ஒரே காலத்தில் புதைத்தவை என்று தெரிந்துகொள்ள முடிந்தது.

அதன்பின் பொறுமை வேண்டும். எந்த அருங்காட்சியகமும் வேண்டாம் என்றால் பொருள் திரும்பி வரும். வேண்டும் என்றால் கொரோனர் விசாரணை, மதிப்பீட்டுக் குழுவின் விலை, பிறகு பணம். ஓராண்டு சாதாரணம், அதற்கு மேலும் இழுக்கும். தொகையை வழக்கமாக நிலச்சொந்தக்காரரும் நீங்களும் பாதியாகப் பெறுவீர்கள்; அனுமதியில்லாமல் நுழைந்தவருக்குத் தொகையைக் குறைக்கவும் மறுக்கவும் குழுவுக்கு அதிகாரம் உண்டு. இந்தப் பணத்தை நம்பிக் கடன் எதுவும் வாங்காதீர்கள்.

12. ஊருக்கு எடுத்துப்போகும் முன்

விடுமுறைக்குப் போகும்போது அப்பாவுக்குக் காட்டலாம் என்று பெட்டியில் போட்டுக்கொள்ள முடியாது. பிரிட்டன் மண்ணிலிருந்து எடுத்த, 50 ஆண்டுக்கு மேல் பழமையான தொல்பொருளுக்கு விலை எவ்வளவு குறைவானாலும் ஏற்றுமதி உரிமம் வேண்டும். சில வகைச் சாதாரணக் காசுகளுக்கு மட்டும் விலக்கு. இங்கிலாந்தில் இதைக் கவனிப்பது ஆர்ட்ஸ் கவுன்சில். விண்ணப்பத்துக்குச் சில வாரம் ஒதுக்குங்கள், அல்லது படமெடுத்துக் காட்டுங்கள்.

கருவியையும் எடுத்துப்போக வேண்டாம். இந்தியாவில் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. மண்ணில் மறைந்து கிடந்த, பத்து ரூபாய்க்குமேல் மதிப்புள்ள எதைக் கண்டெடுத்தாலும் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் ஓராண்டுவரை சிறை. இலங்கையில் 1940ஆம் ஆண்டுத் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி, மண்ணுக்குள் கிடக்கும் தொல்பொருள் அரசின் சொத்து. தொல்லியல் திணைக்களத்தின் உரிமம் இல்லாமல் அதைத் தேடித் தோண்டினால் கைது. உங்கள் சொந்தக் காணியானாலும் இதுதான் நிலை. ஊரில் உறவினர் வயலை உழும்போது காசோ பானையோ தானாக வெளிப்பட்டால், மேலே தோண்டாமல் நிறுத்தி, தமிழ்நாட்டில் கிராம நிர்வாக அலுவலர் வழியாகத் தாசில்தாருக்கும் ஆட்சியருக்கும், இலங்கையில் தொல்லியல் திணைக்களத்துக்கோ அருகிலுள்ள போலீஸ் நிலையத்துக்கோ அன்றே எழுதிக் கொடுத்துவிட்டு, கொடுத்ததற்கு ரசீது வாங்கச் சொல்லுங்கள்.